சி.பா. ஆதித்தனார்: கோர்ட்டு, பத்திரிகை, சட்டசபை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினத்தந்தியைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் கிடையாது. அதை ஆரம்பித்தவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெயரோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவர் லண்டனில் படித்த பாரிஸ்டர், தனித் தமிழ்நாடு கேட்டுக் கைதானவர், பிறகு சட்டசபைக்கே சபாநாயகராக உட்கார்ந்தவர் என்று சொன்னால் "அவரா இவர்?" என்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பிறந்தது 27 செப்டம்பர் 1905, திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில். வக்கீல், பத்திரிகை அதிபர், கட்சித் தலைவர், எம்.எல்.சி. (மேல்சபை உறுப்பினர்), எம்.எல்.ஏ., சபாநாயகர், அமைச்சர். இறந்தது 24 மே 1981. சுருக்கம் அவ்வளவுதான். சுவாரசியம் சுருக்கத்தில் அடங்காது.

'சி.பா.' என்றால் என்ன?

சிவந்தி பாலசுப்பிரமணியன். ஆதித்தன் என்பது காயாமொழிக் குடும்பத்தின் பட்டப்பெயர். சிவந்தி ஆதித்தன் என்பது அவருடைய அப்பாவின் பெயர், இரண்டாவது மகனின் பெயரும் அதுவே. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊர் வழக்கம்தானே. ஆனால் இதனாலேயே நிறையப் பேர் இவரையும் மகனையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒலிம்பிக் சங்கம், வாலிபால் என்று விளையாட்டுத் துறையில் பெயர் வாங்கியவர் மகன். பத்திரிகையைத் தொடங்கியவர் சி.பா. ஆதித்தனார்.

வக்கீல் தொழிலை எங்கே செய்தார்?

பெரும்பாலும் சிங்கப்பூரில். பள்ளிப்படிப்பு ஸ்ரீவைகுண்டத்தில், கல்லூரி திருச்சி செயின்ட் ஜோசப்பில். அப்புறம் கப்பலேறி லண்டன் போய், மிடில் டெம்பிள் என்ற வக்கீல்கள் சங்கத்தில் சட்டம் படித்து 1933-இல் பாரிஸ்டர் ஆனார். கோவிந்தம்மாளைத் திருமணம் செய்துகொண்டதும் அதே ஆண்டுதான். சிங்கப்பூரில் சுமார் ஒன்பது வருடம் தொழில் நடத்தினார். அப்பாவும் வக்கீல் என்பதால் கறுப்பு அங்கி வீட்டுக்குப் புதிதில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனது. அந்த ஆண்டு இவரும் தமிழ்நாட்டுக்குத் திரும்பியிருந்தார். ஸ்ரீவைகுண்டத்திலும் கொஞ்ச காலம் வக்கீலாக இருந்தது உண்டு. ஆனால் மனசு வேறு பக்கம் போய்விட்டது.

ஒரு பாரிஸ்டர் எதற்காகப் பத்திரிகை ஆரம்பிக்க வேண்டும்?

அந்தக் காலத்தில் வக்கீல்கள் பத்திரிகைக்கு வருவது அதிசயமில்லை. 'தி இந்து'வை 1905-இல் வாங்கி நடத்திய கஸ்தூரி ரங்க ஐயங்காரும் வக்கீல்தான். அதிசயம், ஆதித்தனார் யாருக்காகப் பத்திரிகை போட்டார் என்பதில் இருக்கிறது.

1942-இல் மதுரையில் நின்று பார்த்தால், தமிழ்ப் பத்திரிகை என்பது ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கானது. வாக்கியம் நீளம், சொல் கனம், செய்தியில் பாதி டெல்லி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வண்டிக்காரரும் கடைக்காரரும் அதில் தங்களுக்கென்று எதைப் பார்ப்பார்கள்? பத்திரிகை வாங்காதவர்களைத்தான் இவர் வாசகர்களாகக் கணக்குப் போட்டார். மற்றவர்கள் சந்தை இல்லை என்று விட்ட இடத்தில் இவர் கடை விரித்தார். 'மதுரை முரசு', 'தமிழன்' வாரப் பத்திரிகை என்று கையைப் பழக்கிக்கொண்டு, அதே 1942 நவம்பரில் நாளிதழைக் கொண்டுவந்தார்.

யுத்த காலம், காகிதம் கிடைக்காது. அந்த நேரத்தில் நாளிதழ் தொடங்குவது மழையில் அடுப்பு மூட்டுகிற வேலை. கையால் காகிதம் செய்துகூட அவர் அந்தத் தட்டுப்பாட்டைச் சமாளித்தார்.

ஏன் 'தந்தி' என்று பெயர்?

முதலில் வெறும் 'தந்தி'தான், 'தின' பிறகு ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் இன்றைக்கும் "தந்தி வந்துடுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வேகத்துக்கு அன்றைக்குத் தந்தியை விட்டால் வேறு அடையாளம் இல்லை, அதனால் பெயர் பொருத்தம். ஆனால் எனக்கு இது துணிச்சலான பெயராகவும் படுகிறது. கிராமத்தில் தந்தி வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். அந்தச் சொல்லைத் தினமும் காலையில் காசு கொடுத்து வாங்க வைத்திருக்கிறார். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். இன்று பிள்ளைகளிடம் 'தந்தி' என்றால் பத்திரிகை ஒன்றுதான் ஞாபகம் வரும்.

லண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகையைப் பார்த்து எடுத்த காப்பி என்கிறார்களே?

முன்மாதிரி அதுதான், யாரும் மறைக்கவில்லை. சாதாரண ஜனங்களுக்கான பத்திரிகை எப்படி இருக்கும் என்று லண்டனில் படிக்கும்போது பார்த்தவர் அவர். பெரிய எழுத்துத் தலைப்பு, சின்ன வாக்கியம், படம், குற்றச் செய்தி, ஊர்ச் செய்தி இவையெல்லாம் அங்கிருந்து வந்த யோசனைகள்.

ஆனால் யோசனையை எடுத்துவந்தால் பத்திரிகை ஓடிவிடாது. லண்டனில் ஒருவர் வாங்கி ஒருவர் படிப்பார். இங்கே ஒருவர் வாங்கி இருபது பேர் படிப்பார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் நான் சின்ன வயதில் பார்த்தது இது: ஆறு மணி பஸ்ஸில் கட்டு வந்து விழும். கடைக்காரர் சணலை அறுத்து ஒரு பிரதியை உருவிப் பெஞ்சில் போடுவார். ஐந்து நிமிடத்தில் அது தனித்தனித் தாளாகப் பிரிந்து ஆளுக்கொரு கையில் இருக்கும். நடுவில் ஒருவர் உரக்கப் படிப்பார், படிக்கத் தெரியாதவர்கள் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்பார்கள். என் தாத்தா எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தப் பெஞ்சில்தான். முதலில் பெரிய எழுத்துத் தலைப்பு மட்டும், பிறகு அதன் கீழே உள்ள இரண்டு வரி, பிறகு முழுச் செய்தி.

உரக்கப் படித்தால் காதுக்கு ஏறவேண்டும் என்றால் வாக்கியம் சின்னதாகத்தான் இருக்க முடியும். தந்தியின் நடையை மேசையில் உட்கார்ந்து மட்டும் தீர்மானித்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

விநியோகத்தையும் சொல்ல வேண்டும். ஒரே ஊரில் அச்சடித்து ரயிலில் அனுப்பினால் கடைக்கோடிக்குப் போகும்போது செய்தி பழசாகிவிடும். மதுரையோடு நிற்காமல் சென்னை, திருச்சி, சேலம் என்று பதிப்புகளைப் பரப்பினார். சேலம் முதல் முயற்சியில் நிற்கவில்லை, மூட வேண்டி வந்தது. திரும்பத் திறக்கிற தெம்பு நிறுவனத்துக்கு இருந்தது.

வக்கீல் படிப்பு பத்திரிகைக்கு ஏதாவது உதவியதா?

நிறைய. தந்தியைத் தூக்கி நிறுத்திய செய்திகளில் பெரிய பங்கு கோர்ட்டுச் செய்திகளுக்கு உண்டு.

1952-இல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பேனா வியாபாரம் செய்தவர் காணாமல் போகிறார். தனுஷ்கோடி போகிற போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறுகிறது. மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைக்கிறது. வழக்கு விசாரணை நடந்த நாட்களில் ஊரே பத்திரிகைக்குக் காத்துக் கிடந்தது, தந்தியின் விற்பனையும் ஏறியது.

இதில் வக்கீல் மூளை எங்கே வருகிறது? கொலையைப் பற்றி எழுதுவது யாராலும் முடியும். விசாரணையை எழுதுவது வேறு. "சாட்சி இப்படிச் சொன்னார்" என்று சாராம்சம் கொடுப்பதற்குப் பதிலாக, வக்கீல் கேட்ட கேள்வி, சாட்சி சொன்ன பதில், அடுத்த கேள்வி, அடுத்த பதில் என்று அப்படியே போடும்போது வாசகர் ஜூரிபோல உட்கார்ந்துவிடுகிறார். குறுக்கு விசாரணை தமிழனுக்குப் பிடித்த நாடகம். அந்த வடிவம் எவ்வளவு வசதியானது என்பதற்கு இந்தப் பக்கமே சாட்சி, நானும் கேள்வி பதிலாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தனித் தமிழ்நாடு கேட்டவர். அவருடைய பத்திரிகை தனித்தமிழில் வந்திருக்க வேண்டாமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. பலரும் முரண்பாடு என்று நினைக்கும் இடம்.

தந்தியை இன்றைக்குப் பிரித்துப் பாருங்கள். ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு, போலீஸ், கலெக்டர், பஸ், டாக்டர், மந்திரி, சபாநாயகர், சட்டசபை. மற்ற இடங்களில் உயர் நீதிமன்றம், ஆட்சியர், பேருந்து என்று மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தந்தி மாறவில்லை. ஜனங்கள் வாயில் என்ன சொல் இருக்கிறதோ அதைக் கொச்சை நீக்கி எழுது என்பது ஆதித்தனார் வகுத்த வழி. பத்திரிகை எழுதுகிறவர்களுக்காக அவரே 'இதழாளர் கையேடு' என்று ஒன்று எழுதி வைத்தார்.

அந்த 'கோர்ட்டு'வில் கடைசியில் வரும் 'டு'வைக் கவனித்தீர்களா? தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாது. 'கோர்ட்' என்று நிறுத்தினால் அது ஆங்கிலச் சொல்லாகவே நிற்கிறது. 'கோர்ட்டு' என்றால் தமிழ் இலக்கணத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாட்டிமார்களும் அப்படித்தான் சொல்வார்கள். வெளியே நின்ற சொல்லுக்கு ஒரு உகரத்தைக் கொடுத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிற வேலை அது. ஆக, சொல்லைத் துரத்துவது அவருடைய தமிழ்ப்பற்று இல்லை. தமிழன் தினமும் தமிழில் ஒரு பத்திரிகை படிக்க வேண்டும், அதற்குக் குறுக்கே எந்தச் சொல்லும் நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

தமிழாசிரியர்களுக்கு இது பிடிக்காமல் போனது. நியாயம்தான், 'பேருந்து' அழகான சொல். ஆனால் 1950-களில் பஸ் கவிழ்ந்த செய்தியைப் 'பேருந்து' என்று போட்டிருந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன கவிழ்ந்தது என்று கேட்டிருப்பார்கள்.

அரசியலில் எத்தனை கட்சி மாறினார்?

எதிரிகள் கேட்கிற மாதிரி கேட்கிறீர்கள், பரவாயில்லை.

1942-இலேயே 'தமிழ் ராஜ்யம்' என்று ஒரு கட்சி. 1947 முதல் 1952 வரை எம்.எல்.சி. 1952 பொதுத்தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி சார்பில் திருச்செந்தூரில் வெற்றி. 1957-இல் சாத்தான்குளத்தில் சுயேச்சையாக வெற்றி. 1958-இல் 'நாம் தமிழர்' இயக்கம். 1962-இல் திருச்செந்தூரில் தோல்வி. 1964-இல் மறுபடி மேல்சபை. 1967-இல் உதயசூரியன் சின்னத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் வெற்றி, நாம் தமிழரும் தி.மு.க.வில் கரைந்தது. 1971-இல் அதே தொகுதியில் மறுபடியும் வெற்றி.

சின்னம் மாறியது, வண்டி என்னவோ திருச்செந்தூர், சாத்தான்குளம், ஸ்ரீவைகுண்டம் என்று அந்தத் தாமிரபரணிப் பக்கத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. சென்னையில் பெரிய பத்திரிகை நடத்தியவர், ஓட்டுக் கேட்க மட்டும் சொந்த ஊர்ப் பக்கமே போனார்.

நாம் தமிழர் இயக்கம் என்ன கேட்டது? வரைபடம் எரித்தது உண்மையா?

உண்மை. தமிழர் வாழும் பகுதிகளைச் சேர்த்து இறையாண்மை உள்ள தமிழ்நாடு வேண்டும் என்பது கோரிக்கை. இலங்கையின் தமிழ்ப் பகுதிகளும் அந்தக் கனவில் இருந்தன. 1960-இல் தமிழ்நாடு நீங்கலான இந்திய வரைபடத்தை எரிக்கும் போராட்டம் மாநிலம் முழுவதும் நடந்தது. ஆதித்தனார் கைதானார். எரித்த படத்தில் தமிழ்நாடு கிடையாது என்பதைக் கவனியுங்கள். அந்த வெட்டில் எனக்கு ஒரு வக்கீலின் கை தெரிகிறது.

1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்தது. வேட்பாளர்கள் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதும் அந்த ஆண்டுதான். பிரிவினை பேசிக்கொண்டு தேர்தலில் நிற்கும் வழி எல்லோருக்கும் அடைபட்டது.

இப்போது இருக்கும் நாம் தமிழர் கட்சி இவர் கட்சிதானா?

இல்லை. பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது. ஆதித்தனாரின் இயக்கம் 1967-இலேயே முடிந்துவிட்டது. சீமான் கட்சி தொடங்கியது 2010-இல். நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல் இடைவெளி.

சபாநாயகராக என்ன செய்தார்?

1967 மார்ச் முதல் 1968 ஆகஸ்ட் வரை இருந்தார், ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. சட்டசபையைத் திருக்குறள் சொல்லித் தொடங்கும் வழக்கம் அவர் காலத்தில் வந்தது.

ஆனால் ஒரு நாளுக்காகவே அந்த ஒன்றரை வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 18 ஜூலை 1967. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்ற பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றக் கோரும் தீர்மானம் அன்றுதான் அவையில் நிறைவேறியது. முதலமைச்சர் அண்ணா "தமிழ்நாடு" என்று மூன்று முறை சொல்ல, உறுப்பினர்கள் ஒவ்வொரு முறையும் "வாழ்க" என்றார்கள். அதற்குப் பதினொரு வருடம் முன்பு, விருதுநகரில் சங்கரலிங்கனார் இதே பெயருக்காக உண்ணாவிரதம் இருந்து 76-ஆவது நாளில் உயிர் விட்டிருந்தார். தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. ஒரு பக்கம், ஆதித்தனார் ஒரு பக்கம் என்று பெயர் மாற்றத்துக்காக வெளியே நின்று கத்திய காலமும் உண்டு.

ஏழு வருடத்துக்கு முன்னால் வரைபடத்தை எரித்துக் கைதான மனிதர், அந்தத் தீர்மானம் நிறைவேறும்போது சபாநாயகர் நாற்காலியில். அவர் கேட்டது தனி நாடு, கிடைத்தது பெயர். அதுவும் 14 ஜனவரி 1969-இல், பொங்கலன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அண்ணா அடுத்த மாதமே மறைந்துவிட்டார்.

அமைச்சராக?

அண்ணாவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி வந்தபோது நெடுஞ்செழியனை விட்டுக் கருணாநிதியின் பக்கம் நின்றவர்களில் இவரும் ஒருவர். கருணாநிதி அமைச்சரவையில் கூட்டுறவுத் துறை கிடைத்தது. அந்தத் துறையைவிட, அந்த முடிவுதான் அரசியல் ரீதியாகப் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் தினத்தந்தி தி.மு.க. பத்திரிகையா?

இல்லை. நிறுவனரே ஆளுங்கட்சி அமைச்சராக இருக்கும்போது சாய்வே இல்லாமல் பத்திரிகை நடந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நானும் நம்பவில்லை. ஆனால் கட்சிப் பத்திரிகை என்பது வேறு ஜாதி. அதைக் கட்சிக்காரர் மட்டும் வாங்குவார். தந்தியைக் காங்கிரஸ்காரரும் வாங்கினார், கம்யூனிஸ்ட்டும் வாங்கினார், எந்தக் கட்சியும் இல்லாத என் தாத்தாவும் வாங்கினார். 1962-இல் ஆதித்தனார் தோற்றபோதும் பத்திரிகையை ஜனங்கள் கைவிடவில்லை. ஓட்டுப் போடாதவன் காலையில் காசு போட்டான். வேறு எந்தத் தலைவருக்கு அப்படி நடந்தது?

1959-இலேயே நிர்வாகம் மகன் சிவந்தி ஆதித்தன் கைக்குப் போய்விட்டதும் இதற்கு ஒரு காரணம். மாலை முரசு இன்னொரு மகன் ராமச்சந்திர ஆதித்தனிடம் வளர்ந்தது. 'ராணி' வார இதழ் 1962-இல் வந்தது.

தந்தியின் நடையைக் கிண்டல் செய்வார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

"சதக் சதக் என்று குத்தினான்", "பரபரப்பு வாக்குமூலம்", கைதாகிற பெண் யாராக இருந்தாலும் "அழகி". சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சிரிப்போடு விட முடியாத பகுதியும் உண்டு. குற்றச் செய்தியில் பெண்ணை வேடிக்கைப் பொருளாக்கியதும், 'கள்ளக்காதல்' என்று ஒரு சொல்லை வைத்தே முழுக் கொலைக்கும் காரணம் சொல்லி முடித்ததும் நல்ல பழக்கம் இல்லை. இந்தப் பத்திரிகை மட்டும்தான் செய்தது என்றில்லை, ஆனால் இதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் செய்தார்கள். ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதும், ஜனங்களைக் கிளறிவிடுகிற மாதிரி எழுதுவதும் ஒன்றில்லை. இரண்டும் அந்தப் பத்திரிகையில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் குடியிருந்தன.

இன்று அவர் பெயரில் என்னென்ன இருக்கின்றன?

திருச்செந்தூரில் 1965-இல் தொடங்கிய ஆதித்தனார் கல்லூரி. அதே ஊரில் பெண்களுக்காக மனைவி பெயரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் கல்லூரி. சென்னையில் பழைய ஹாரிஸ் ரோடு இப்போது ஆதித்தனார் சாலை. ஆண்டுதோறும் கொடுக்கும் இலக்கியப் பரிசு. 'தமிழர் தந்தை' என்ற பட்டம்.

கன்னித்தீவை அவர்தான் எழுதினாரா?

எழுதவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வராமல் எந்தப் பேச்சும் முடிவதில்லை. தந்தியில் 1960 வாக்கில் ஆரம்பித்த படக்கதை அது. மந்திரவாதி மூசா லைலாவைச் சின்ன பொம்மை அளவுக்குச் சுருக்கிவிட, சிந்துபாத் அவளைத் தூக்கிக்கொண்டு கடல் கடலாகப் போகிறான். தினமும் இரண்டு மூன்று கட்டம், கடைசிக் கட்டத்தில் ஒரு ஆபத்து. இழுத்துக்கொண்டே போகிற எந்த விஷயத்தையும் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்லாத தமிழன் உண்டா? ஆரம்பித்தபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பேரன் எடுத்துவிட்டார்கள். லைலா இன்னும் பழைய உயரத்துக்கு வரவில்லை.